ஹைட்ராஞ்சியா: மண்ணின் குணம் காட்டும் மலர்

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதியது)

மலர்ச் செடி வளர்ப்பது வசதி படைத்தோர்க்கே உரிய பொழுதுபோக்கு என்னும் எண்ணம் நம்மிடையே இன்றும் நிலவுகிறது. இரண்டு சென்ட் கொல்லை உடைய குடும்பத்தினர் அதில் கீரையும் அவரையும் போடுவதே முறை என்று கருதுகின்றனர். அக்கருத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், வீட்டு முற்றத்தில் நிற்கும் ஒரு பூஞ்செடி அந்த வீட்டாரின் மண்ணைப் பற்றிய உண்மை ஒன்றை ஆண்டுதோறும் எடுத்துரைக்குமாயின், அது வெறும் அலங்காரம் ஆகாது. அத்தகைய செடிகளுள் ஒன்று ஹைட்ராஞ்சியா. உதகை, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் ஆகிய மலையூர்களுக்குச் சென்றுவந்த அங்கத்தினர்கள், பந்து போலத் திரண்ட பெரிய பூங்கொத்துகளைத் தாங்கி நிற்கும் இப்புதரைக் கண்டிருப்பார்கள்.

இச்செடியைப் பற்றி அடிக்கடி எழும் குறை ஒன்று உண்டு. நாற்றுப்பண்ணையில் நீலப் பூவுடன் இருந்த செடியை நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். வீட்டில் நட்ட மறு ஆண்டு அது ரோஜா நிறத்தில் பூக்கிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று வாங்கியவர் வருந்துகிறார். வேறொரு கடைக்குச் சென்று மீண்டும் பணம் செலவிட்டு இன்னொரு நீலச் செடியை வாங்குகிறார். அதுவும் அவ்வாறே மாறுகிறது. பெரும்பாலும் விற்றவர் மீது குற்றம் இல்லை. நிறத்தைத் தந்தது நாற்றுப்பண்ணையின் மண். நிறத்தை மாற்றியது வீட்டின் மண். மண்ணைச் சோதித்துப் பாராமல் செடியை மாற்றிக்கொண்டே போவது வீண் செலவாகும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செடியின் பிறப்பிடம்

வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படும் பேரிலை ஹைட்ராஞ்சியாவின் தாயகம் ஜப்பான். அந்நாட்டார் இதனை அஜிசாய் என்று அழைக்கின்றனர். அங்கு மழைக்காலமாகிய ஜூன் மாதத்தில் இது பூக்கிறது. காமகுரா நகரிலுள்ள மெய்கெட்சு-இன் என்னும் பௌத்தக் கோயில் நீல அஜிசாய்ப் புதர்களுக்காகவே பெயர் பெற்றது. மழைத் தூறலில் குடை பிடித்துக்கொண்டு மக்கள் அங்கே சென்று மலர்களைக் கண்டு வருகின்றனர்.

ஸ்வீடன் நாட்டுத் தாவர நூலறிஞர் துன்பெர்க் 1775, 1776ஆம் ஆண்டுகளில் ஜப்பானில் தங்கிச் செடிகளை ஆராய்ந்தார். அவர் 1784இல் இச்செடியை விவரித்து வெளியிட்டார். அவருக்குப் பின் அங்கே பணிபுரிந்த ஜெர்மானிய மருத்துவர் சீபோல்டும் இதில் ஈடுபாடு கொண்டு, தம் ஜப்பானிய மனைவியின் பெயரை நினைவூட்டும் பெயரை இதன் வகையொன்றுக்குச் சூட்டினார். ஹைட்ராஞ்சியா என்னும் பெயர் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. நீர்க்கலம் என்பது பொருள். விதைக்கூடு சிறு குவளை போன்றிருப்பதால் இப்பெயர் அமைந்தது. நீரை விரும்பும் இச்செடிக்கு இப்பெயர் வேறு வகையிலும் பொருந்துகிறது.

உதகையில் அரசினர் தாவரவியல் பூங்காவை மெக்ஐவர் என்பார் 1848 முதல் உருவாக்கினார். குன்னூர் சிம்ஸ் பூங்கா 1874இல் தோன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலையூர்களில் அமைந்த இத்தகைய தோட்டங்களின் வழியாகவே குளிர்நாட்டுச் செடிகள் பல நம் மலைவாழ் மக்களின் வீட்டு வாயில்களை அடைந்தன.

நாம் பூ என்று வியக்கும் பந்து உண்மையில் இதழ்களால் ஆனதன்று. நிறம் பெற்று விரிந்திருப்பவை புல்லிகளே. மெய்யான பூ அவற்றின் நடுவே மிளகுக்கும் சிறியதாக ஒளிந்திருக்கிறது. ஆகவேதான் இக்கொத்துகள் வாரக்கணக்கில் வாடாமல் நிற்கின்றன.

நெசவாளர் அறிந்த படிகாரம்

நிறம் மாறுவதன் காரணத்தை நெசவுத் தொழிலில் உள்ள அங்கத்தினர்கள் மற்றவர்களைக் காட்டிலும் எளிதில் புரிந்துகொள்வர். வேதிச் சாயங்கள் பரவுவதற்கு முன்னர் நம் சாயக்காரர்கள் சாயவேரையும் மஞ்சிட்டியையும் கொண்டு நூலுக்குச் செம்மை ஏற்றினர். வேரை மட்டும் கொதிக்க வைத்து நூலை முக்கினால் நிறம் நில்லாது. கடுக்காய் நீரிலும் படிகார நீரிலும் நூலைப் பதப்படுத்திய பின்னரே சாயம் பற்றும். மேலும், மஞ்சிட்டிச் சாயம் படிகாரத்துடன் சேர்ந்தால் செம்மை தரும்; அன்னபேதியுடன் சேர்ந்தால் ஊதா கலந்த கருமை தரும். சாயம் ஒன்றே, அதனுடன் கூடும் உலோகம் நிறத்தை முடிவு செய்கிறது. படிகாரத்தில் உள்ள உலோகம் அலுமினியம். அன்னபேதியில் உள்ளது இரும்பு.

ஹைட்ராஞ்சியாவின் புல்லிகளிலும் நிகழ்வது இதுவே. ரோஜா நிறப் பூவிலும் நீலப் பூவிலும் இருப்பது டெல்பினிடின் வகையைச் சார்ந்த ஒரே சாயப்பொருள். அதனுடன் அலுமினியம் போதிய அளவு கூடினால், செடியிலுள்ள வேறு சில துணைப்பொருள்களின் உதவியால் நீலம் தோன்றுகிறது. அலுமினியம் கிட்டாவிடில் அதே சாயம் ரோஜா நிறமாகவே நிற்கிறது. அமெரிக்காவில் ஆர். சி. ஆலன் 1943இல் வெளியிட்ட ஆராய்ச்சி, பூவின் நிறத்தில் அலுமினியத்துக்குள்ள பங்கை விளக்கியது. ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் குமி யோஷிதா முதலியோர் பின்னர் அச்சேர்க்கையின் அமைப்பை நுணுகி ஆராய்ந்துள்ளனர். செடியின் அருகே இரும்பு ஆணியைப் புதைத்தால் பூ நீலமாகும் என்ற நம்பிக்கை பல நாடுகளில் உண்டு. நீலம் தருவது அலுமினியமே ஆதலால் ஆணியால் அப்பயன் விளையாது.

அலுமினியம் ஏறத்தாழ எல்லா மண்ணிலும் உள்ளது. ஆயின் அது கரைந்து வேருக்குக் கிட்டுவது மண் புளிப்புத் தன்மை உடையதாக இருக்கும்போதுதான். மண்ணின் கார அமில நிலையை அளக்கும் அளவையில் 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இந்நிலை 5.5க்குக் கீழே உள்ள மண்ணில் ஹைட்ராஞ்சியா நீலமாகப் பூக்கும். 6.5க்கு மேற்பட்டால் ரோஜா நிறம் கொள்ளும். இடைப்பட்ட மண்ணில் ஊதா நிறமும், ஒரே புதரில் இரு நிறங்களும் காணப்படும். பள்ளியில் நாம் கண்ட லிட்மஸ் தாள் அமிலத்தில் சிவக்கும்; இம்மலரோ அமில மண்ணில் நீலமாகும். வெள்ளை வகைகளில் இச்சாயப்பொருள் இன்மையால் அவை எம்மண்ணிலும் நீலமாக மாறா.

போர்ச்சுகலைச் சேர்ந்த அசோரஸ் தீவுகளுள் ஃபயால் என்பது நீலத் தீவு என்றே வழங்கப்படுகிறது. எரிமலைப் பாறையிலிருந்து உண்டான அதன் புளிப்பு மண்ணில், மேய்ச்சல் நிலங்களைப் பிரிக்கும் வேலிகளாக ஹைட்ராஞ்சியா நீலம் பூத்து நிற்கிறது. நம் நீலகிரியிலும் மண் பொதுவாகப் புளிப்புடையது. தேயிலை அங்கே செழிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். தேயிலைக்கு ஏற்றது 4.5 முதல் 5.5 வரையிலான நிலையாகும். தேயிலை செழித்த தோட்டத்தின் ஓரத்தில் ஹைட்ராஞ்சியா நீலமாக நிற்பதற்கு வேறு காரணம் தேட வேண்டுவதில்லை.

மலையூர்ச் சங்கங்களுக்கு ஆய்வுக்குச் செல்லும்போது ஒரே கட்டடத்தின் முன்னே இருவேறு நிறச் செடிகளைக் கண்டதுண்டு. வேலியோரச் செடி நீலமாகவும், சிமெண்டுத் திண்ணையை ஒட்டிய செடி ரோஜா நிறமாகவும் பூத்திருந்தன. இரண்டும் ஒரே தாய்ச்செடியின் துண்டுகளே என்று அங்குள்ளோர் கூறினர். சிமெண்டுப் பூச்சிலிருந்தும் வெள்ளையடித்த சுவரிலிருந்தும் மழைநீரில் இறங்கும் சுண்ணாம்பு, அடிமண்ணின் புளிப்பைக் குறைத்துவிடுகிறது. நாள்தோறும் அடுப்புச் சாம்பல் கொட்டப்படும் இடத்திலும் இவ்வாறே ஆகும்.

எங்கே வளரும்? எங்கே வளராது?

இச்செடியைச் சமவெளியில் வாங்கி வைக்க விரும்பும் அங்கத்தினர்களுக்கு உண்மையை மறைக்காமல் கூறுவது கடமை. பேரிலை ஹைட்ராஞ்சியாவின் பெரும்பாலான வகைகள் சில வாரங்களேனும் 18 டிகிரி செல்சியஸுக்குக் குறைந்த குளிர்ச்சி பெற்றால்தான் பூமொட்டு வைக்கும். ஈரோட்டிலும் காஞ்சிபுரத்திலும் மதுரையிலும் கோடை வெயில் இதன் அகன்ற இலைகளைக் கருக்கிவிடும். பூத்த நிலையில் சட்டியில் விற்கப்படும் செடி சில வாரங்கள் அழகு தரும். மறு ஆண்டு பூக்கும் என்று நம்பி வாங்குதல் ஆகாது. சமவெளி வீடுகளுக்கு நம் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் இட்லிப் பூவும் உள்ளன. அவை குறைந்த செலவில் நிறைந்த பயன் தருபவை. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலைப்பகுதி அங்கத்தினர்களுக்கே இச்செடி உரியது.

நடும் முறை

காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிட்டும் இடமே சிறந்தது. வீட்டின் கீழ்ப்புறம் இதற்கு ஏற்றது. முழு நிழலில் இலை செழிக்கும், பூ குறையும். நாள் முழுதும் வெயில் விழும் இடத்தில் கொத்துகள் விரைவில் வெளிறும். காற்று வேகமாக மோதும் மேட்டையும், நீர் தேங்கும் பள்ளத்தையும் விலக்க வேண்டும்.

இரண்டடி அகலமும் அவ்வளவே ஆழமும் உள்ள குழி எடுத்து, மேல்மண்ணுடன் இலை மக்கும் நன்கு மட்கிய தொழு உரமும் கலந்து நிரப்பி, பருவமழையின் தொடக்கத்தில் நடுதல் நன்று. செடி ஐந்தடி வரை உயர்ந்து பரவுமாதலால் செடிக்குச் செடி நான்கு முதல் ஐந்து அடி இடைவெளி விட வேண்டும். சுவரிலிருந்தும் மூன்றடி தள்ளி நட்டால் சுண்ணாம்பின் தொல்லை குறையும்.

அகன்ற இலைகள் நீரை மிகுதியாக வெளியிடுவதால் மழையில்லாத நாட்களில் வேர்ப்பகுதி காயலாகாது. நண்பகலில் இலைகள் துவண்டு மாலையில் நிமிருமானால் அச்சப்பட வேண்டியதில்லை. மாலையிலும் துவண்டே இருப்பின் நீர் போதவில்லை என்று அறியலாம். காய்ந்த இலைச் சருகுகளை அடியில் மூன்று விரற்கடைக் கனத்திற்குப் பரப்பினால் ஈரம் நிலைக்கும், களையும் குறையும். ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. அதனைத் தொடர்ந்து ஊற்றினால் நீலம் நாளடைவில் மங்கும். கூரை மழைநீரைத் தொட்டியில் சேமித்து ஊற்றுவது இச்செடிக்கு மிகவும் உகந்தது.

நிறம் மாற்ற விரும்புவோர்க்கு

நீலம் வேண்டுவோர் முதலில் மண்ணின் கார அமில நிலையை அறிதல் வேண்டும். மண் ஏற்கெனவே புளிப்பாக இருப்பின் ஒன்றும் செய்யத் தேவையில்லை. 6க்கு மேற்பட்டிருப்பின், நட்டு இரண்டு ஆண்டுகளேனும் ஆன செடிக்கு, நான்கு லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி அலுமினியம் சல்பேட் கரைத்து, மொட்டு வைக்கும் முன்னரே ஊற்றலாம். முன்னதாக வேர்ப்பகுதியை வெறும் நீரால் நனைத்துவிட வேண்டும். அளவு மிஞ்சினால் வேர் கருகும். இளஞ்செடிக்கு ஊற்றவே கூடாது.

உரத்திலும் கவனம் தேவை. மணிச்சத்து அலுமினியத்தைப் பற்றிக்கொண்டு வேருக்குக் கிட்டாமல் செய்துவிடும். ஆதலின் நீலம் விரும்புவோர் சூப்பர் பாஸ்பேட்டும் எலும்புத் தூளும் இடாமல், சாம்பல் சத்து மிகுந்த உரத்தைச் சிறு அளவில் இடுவர். இங்கே ஒரு தெளிவு வேண்டும். சாம்பல் சத்து என்றதும் அடுப்புச் சாம்பலைக் கொட்டிவிடலாகாது. அது மண்ணைக் காரமாக்கும்.

ரோஜா நிறம் விரும்புவோர் இதற்கு மாறாகச் சுண்ணாம்புத் தூளோ டோலமைட்டோ இட்டு, மண்ணின் நிலையை 6.5 அளவில் நிறுத்தலாம். 7க்கு மேல் உயர்த்தினால் இரும்புச் சத்தைச் செடி எடுக்க இயலாமல் இலைகள் மஞ்சளாகும்; நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும்.

எம்முறையைக் கையாண்டாலும் மாற்றம் ஒரு வாரத்தில் வாராது. மலர்ந்துவிட்ட கொத்தின் நிறத்தை மாற்ற முயல்வது பயனற்றது. அடுத்த பருவத்துப் பூவிலேயே பலன் தெரியும். காப்பிச் சக்கையால் மண் புளிப்பாகும் என்று பலர் கருதுகின்றனர். ஒருமுறை வடித்த சக்கையில் புளிப்பு மிகக் குறைவு. அது மக்குக்கு உதவுமேயன்றி நிறத்துக்கு உதவாது.

கவாத்து

செடி நன்கு தழைத்திருந்தும் பூக்கவில்லை என்று பலர் கூறுவர். கத்தரிக்கோலைப் பிடித்த காலம் தவறியதே பெரும்பாலும் இதற்குக் காரணம். பேரிலை ஹைட்ராஞ்சியா அடுத்த ஆண்டுக்குரிய மொட்டை இவ்வாண்டுக் கிளையின் நுனியிலேயே முன்கூட்டி உருவாக்கிவிடுகிறது. தேயிலையைக் கவாத்து செய்வது போல இதனைத் தரைமட்டத்திற்கு வெட்டிவிட்டால் ஓராண்டுப் பூ முழுதும் போய்விடும்.

கொத்து வாடிய உடனே, அதற்குக் கீழே பருத்துத் தோன்றும் முதல் இணைக் கணுவுக்கு மேலாக நறுக்க வேண்டும். மூன்று ஆண்டுகள் முதிர்ந்த செடியில் மிகப் பழைய தண்டுகளுள் நான்கில் ஒரு பங்கை ஆண்டுதோறும் அடியோடு நீக்கினால் புதிய தண்டுகள் எழும். உதகைப் பகுதியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழும் தாழ்வான இடங்களில், காய்ந்த கொத்துகளைப் பனிக்காலம் கழியும் வரை நீக்காமல் விடுவது நல்லது. அவை கீழுள்ள மொட்டுகளுக்குப் போர்வையாக அமைகின்றன.

பெருக்கும் வகையும் பகிரும் வகையும்

இச்செடியை விலைக்கு வாங்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. பூக்காத இளந்தண்டிலிருந்து நான்கு முதல் ஆறு அங்குல நீளத் துண்டைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடியிலைகளைக் கிள்ளி, மேலிலைகளைப் பாதியாக நறுக்கி, மணலும் இலை மக்கும் சமமாகக் கலந்த சட்டியில் ஊன்றி நிழலில் வைத்தால், மூன்று நான்கு வாரங்களில் வேர் பிடிக்கும். தாழ்ந்த கிளையை வளைத்து மண்ணில் அழுத்திப் பதியன் போடுவது இதனினும் எளிது. ஒரு முதிர்ந்த புதரிலிருந்து ஊரிலுள்ள வீடுகள் பலவற்றுக்குச் செடி தரலாம். ஒருவர் தோட்டத்திலிருந்து மற்றவர் பெற்று வளர்ப்பது, செலவற்ற கூட்டுறவுக்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

ஓர் எச்சரிக்கை

ஆடு, மாடு வளர்க்கும் அங்கத்தினர்கள் கட்டாயம் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி உண்டு. ஹைட்ராஞ்சியாவின் இலையும் மொட்டும் நச்சுத்தன்மை உடையவை. கால்நடைகளும் நாய்களும் தின்றால் வயிற்றுக்கோளாறும் தளர்ச்சியும் உண்டாகும். கவாத்து செய்த தழையைத் தீவனத்தோடு சேர்த்துவிடலாகாது. குழியில் இட்டு மக்கச் செய்க. சிறு குழந்தைகள் மென்றுவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். தழையைக் கையாண்டபின் சிலர்க்குத் தோலில் அரிப்பு உண்டாவதால் கை கழுவுதல் நலம்.

மலர் கூறும் செய்தியும் சங்கத்தின் கடமையும்

இம்மலரின் நிறம் பயிர்த்தொழிலுக்கும் உதவக்கூடும். மலைப்பகுதிச் சிறு விவசாயி ஒருவரின் நிலத்தில் ஒருபுறம் தேயிலையும் மறுபுறம் முட்டைக்கோசும் இருக்கலாம். தேயிலைக்குப் புளிப்பு மண் உகந்தது. முட்டைக்கோசுக்கு 6 முதல் 6.8 வரையிலான நிலை வேண்டும். புளிப்பு மிகுந்தால் வேர் முடிச்சுற்று வீங்கும் நோய் பெருகும். கோசுப் பாத்திக்கு அருகே நிற்கும் ஹைட்ராஞ்சியா கருநீலமாகப் பூத்தால், அப்பாத்திக்குச் சுண்ணாம்பு தேவைப்படலாம் என்று ஐயுறுவதற்கு அது போதிய காரணம். நெடுங்காலம் நீலமாக இருந்த செடி யாரும் ஒன்றும் செய்யாமலே ரோஜா நிறத்துக்கு மாறினால், பாய்ச்சும் நீரிலோ இடும் உரத்திலோ மாற்றம் நேர்ந்திருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும்.

ஆயினும் பூவின் நிறத்தை மட்டும் நம்பி மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு வாங்குவதும் தவறு. மணிச்சத்து மிகுந்த இடத்தில் புளிப்பு மண்ணிலும் பூ நீலம் குன்றலாம். பூ ஐயத்தை எழுப்பும். அளவைக் கூறுவது மண் பரிசோதனையே. 2015இல் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டம் மண்ணின் 12 கூறுகளை அட்டையில் குறித்துத் தருகிறது; அவற்றுள் கார அமில நிலையும் ஒன்று. அந்த அட்டையைப் பெற்றும் அதைப் பெட்டியில் வைத்துவிட்டு, பழைய வழக்கப்படியே கடன் பெற்று உரம் வாங்கும் அங்கத்தினர்கள் இன்றும் பலர் உள்ளனர். தேவையற்ற உரத்துக்குச் செலுத்தும் வட்டி அங்கத்தினர் கையிலிருந்து போவதாகும். திரும்பாத கடன் சங்கத்தின் நிலுவையாகவும் சேர்கிறது.

ஆதலின் மலையூர்ச் சங்கங்களின் நிர்வாகக் குழுவினர் இரண்டு காரியங்களைச் செய்யலாம். சங்கக் கட்டடத்தின் முன்னே, சுவரிலிருந்து தள்ளி, ஹைட்ராஞ்சியாச் செடி ஒன்றை நட்டு, அதன் துண்டுகளை அங்கத்தினர்களுக்கு இலவசமாக வழங்குக. செடி பெற வருவோரைத் தம் மண்வள அட்டையையும் உடன் எடுத்துவரச் சொல்லி, அதில் உள்ள எண்களைச் செயலாளர் படித்து விளக்குக. அட்டை இல்லாதோரின் மண்மாதிரியைச் சேகரித்துப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்க. அவ்வாறு செய்தால், வீட்டு வாயிலில் மலர் நீலமாகப் பூத்தாலும் ரோஜா நிறமாகப் பூத்தாலும், அதன் காரணத்தை வீட்டார் அறிந்திருப்பர். அடுத்த உரமூட்டைக்குக் கையொப்பம் இடுமுன் தம் மண்ணுக்கு அது வேண்டுமா என்றும் கேட்பர்.